இடித்து நிரப்பிய மண்

அண்ணன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பாட்டிலைத் தங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. உப்பளவு காட்டும் கருவியை உள்ளே விட்டாள். எண் ஏறிக்கொண்டே போய், அவள் பயந்த இடத்தையும் தாண்டி நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் தெருவுக்குப் பின்னால் ஆலைக்காரர்கள் உப்புக் கழிவுநீர்க் குளம் வெட்டினார்கள். வெட்டும் முன், அடிமண் வழியே கழிவு எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று சோதித்தவள் அவள்தான். குழாய் இறக்கி எடுத்த ஆறு களிமண் துண்டுகளில் நான்கு, மேசைக்கு வரும்போதே உடைந்திருந்தன. உள்ளே, மக்கிப்போன வேர்கள் விட்டுச்சென்ற ஓட்டைகள். உடைந்த மண்ணைப் பொடித்து, அதே ஈரத்துக்கும் எடைக்கும் சோதனை வளையத்துக்குள் இடித்து நிரப்புவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். இடித்தாள். ஓட்டைகள் மறைந்தன. ஒன்பது நாள் காத்தும் தண்ணீர் பேருக்குத்தான் கசிந்தது. கழிவு கிணறுகளை எட்ட நாற்பது வருடமாகும் என்று அறிக்கை போனது.

அந்த அறிக்கையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, தங்கச்சி கைபட்ட சோதனை என்று சொல்லிக் குளத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கியவர் அண்ணன்.

அவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, பழைய நோட்டோடு, ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியரின் அறைக்குப் போனாள். 'உடைந்தது, இடித்து நிரப்பியது' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அறிக்கையில் அந்த வரி இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோதனை சரிதாம்மா. மண்ணுதான் நாம நெனச்ச மாதிரி இல்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடியதென்னவோ இவள்தான்.

திரும்பி வந்து அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீ சோதிச்சது எங்க மண்ணையே இல்ல."

"உங்க மண்ணுதாண்ணா. ஓட்டைய அடைச்சிட்டுச் சோதிச்சேன். இனிமே அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க."

"நாங்க எப்பவோ நிறுத்திட்டோம். பக்கத்து வீட்டுலதான் இன்னும் குடிக்கிறாங்க." எழுந்து செருப்பை மாட்டினார். "நீயே வந்து சொல்லிடு. அதுவரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன். உன் பேர நானே எப்படிக் கெடுக்கிறது?"

தெருவில் காட்ட நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக அது கைப்பையிலேயே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அண்ணன் ஒரு பாட்டில் அனுப்புகிறார். அவள் தேதி எழுதி, அளந்து, முந்தையதன் பக்கத்தில் வைக்கிறாள்.