மூன்று தீவுகளுக்கு நாலு பேர்

உக்குவளையில் ஜவாஹிரின் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் யாழ்ப்பாணத் தீவுகளின் படம் விரிந்து கிடந்தது. ஜவாஹிரின் தங்கை ஹிதாயா, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துப் பெரிய படத்தைப் பார்த்து வரைந்து கொண்டுவந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ராசம்மா ஒரு தாளில் நேரங்களை எழுதிக்கொண்டிருந்தாள். 1963 ஆகஸ்ட் விடுமுறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"மொத நாள் ஊர்காவற்றுறை, எழுதிட்டியா? ரெண்டாம் நாள் புங்குடுதீவுல இருந்து வள்ளத்துல நயினாதீவு. மூணாம் நாள் நெடுந்தீவு. அங்க குதிரையெல்லாம் சொந்தக்காரன் இல்லாம மேயுதாம்!" என்றாள் ஹிதாயா.

"நெடுந்தீவுக்கு வள்ளம் காலையில எத்தன மணிக்கு? அத கேட்டு எழுதணும்" என்றாள் ராசம்மா.

இருவரும் மாத்தளையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ராசம்மா இப்போது எல்கடுவைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். 'தீவு' என்ற பாடத்தை ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜவாஹிரும் அவர் மனைவி மஸீஹாவும் துணைக்கு வருவதாக ஏற்பாடு. வாராவாரம் லொறியில் யாழ்ப்பாணம் போய் வெங்காயம் ஏற்றி வருகிறவர் ஜவாஹிர். அவருக்குத் தெரியாத வழியில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்து படத்தைப் பார்த்தார்.

"ஒண்டு சொல்ல மறந்துட்டேன். துறைமொகத்துல இப்ப சரியான கெடுபிடி. வள்ளத்துல ஏற முன்னுக்கு பொலிஸ் பேரு, ஊரு, பத்திரம் எல்லாம் பார்க்குது. போன கெழம எனக்கு முன்னுக்கு ஒரு பதுளைக்காரர். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்ல. இந்தியாவுல இருந்து களவா வந்த கள்ளத்தோணின்னு ஜீப்புல ஏத்திட்டாங்க. பொஞ்சாதி, புள்ளைகள் கரையில நின்னு அழுதுச்சி."

ராசம்மாவின் பென்சில் நின்றது.

அவளுடைய அப்பா அழகுமுத்து பதின்மூன்று வருடத்துக்கு முன் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டவர். அண்ணன் சாவுக்கு இந்தியா போனவர், திரும்பிவரப் பதினாலு மாதம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மனு தள்ளுபடியானது. எல்கடுவையிலேயே பிறந்து வளர்ந்த ராசம்மாவுக்கும் அதோடு எந்த நாடும் இல்லாமல் போயிற்று. ஹிதாயாவிடம் இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று ஒரு கூச்சம்.

"எனக்கு வர ஏலுமான்னு தெரியல ஹிதாயா. அப்பாவுக்கு ஒடம்பு சொகமில்ல."

"பொய் சொல்லாத. இப்பத்தான் அவர் தவறணைப் பக்கம் தேயில நாத்து நடுறாருன்னு சொன்னாய்."

ராசம்மாவால் தலை நிமிர முடியவில்லை. ஜவாஹிர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்து, சத்தமில்லாமல் வெளியே போனார். அதற்கப்புறம்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஹிதாயா கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து உள்ளறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து, அக்கா றஸ்மியாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா, எங்க தாத்தாட பொறப்புப் பத்திரம். றஸ்மியா உம்மா. அவளுக்கு இது எட்டாம் மாசம், வரமாட்டா. நீ அவட எடத்துல வா. எங்க ஆக்களுக்கு இது காட்டினா போதும். தலையில முக்காடு போட்டா யாரு கேக்கப் போறா?"

"பிடிச்சா?"

"ஜவாஹிர் நானா பக்கத்துல நிப்பாரு. தங்கச்சின்னு சொல்லுவாரு. நீ வாப்பாட பேரையும் பொறந்த தேதியையும் மட்டும் பாடமாக்கு."

தப்பு என்று ராசம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் பத்திரத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். கடல் அவ்வளவு கிட்டே வந்திருந்தது.

எல்கடுவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். றஸ்மியா உம்மா. தகப்பன் பேர் அப்துல் ஸமத். பிறந்தது முப்பத்தைந்தாம் வருடம், மார்ச் ஒன்பது. மூன்றாம் வளைவில் பஸ் நின்றது. கசிப்புச் சாராயம் கடத்துகிறார்கள் என்று பொலிஸார் ஏறி, பைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வயதான கொன்ஸ்தாபிள் ஒருவர் அவளுடைய கைப்பையைத் திறந்தார். மடித்த தாளை எடுத்து விரித்தார்.

"பேர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அது வெறும் கேள்விதான். அவர் தேடி வந்தது வேறு. ஆனால் அவர் கையில் அந்தத் தாள் இருந்தது.

"றஸ்மியா" என்றாள்.

பின் ஸீட்டிலிருந்து பாப்பம்மா எட்டிப் பார்த்தாள். அவள் மகள் ராசம்மாவின் வகுப்பில்தான் படிக்கிறாள். "என்னங்க ராசம்மா டீச்சர், என்னா கேக்குறாரு?"

கொன்ஸ்தாபிள் தாளைப் பார்த்தார். பிறகு ராசம்மாவின் நெற்றியிலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தார்.

"என் பேர் ராசம்மா" என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். "அது சிநேகிதி வீட்டுப் பத்திரம். கேட்டதும் பயந்துட்டேன்."

"பயந்தால் அடுத்தவள் பேரா வாயில் வரும்?"

அவர் தாளை மடித்தார், உடனே கொடுக்கவில்லை. மடித்த தாளால் விரலைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "நான் மூணு மாசத்தில் பென்ஷன் போகிறவன்" என்றார் கடைசியில். "வேறு ஆள் கையில் மாட்டியிருந்தால் நீங்களும் உள்ளே, அந்தச் சிநேகிதியும் உள்ளே." பத்திரத்தை அவள் மடியில் போட்டுவிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போனார்.

தன்னால் ஹிதாயாவும் உள்ளே போயிருப்பாள் என்ற நினைப்புத்தான் ராசம்மாவைக் குலுக்கியது. தோட்ட லயத்திலிருந்த வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னாள்.

"போகாத ஆயி. நம்மள மாதிரி ஆளுங்க கடல் பக்கமே போகக்கூடாது. அங்க நின்னாலே இப்பத்தான் வந்து எறங்கினம்னு நெனப்பானுங்க" என்றார் அழகுமுத்து.

"நான் எறங்கலயேப்பா. இங்கதானே பொறந்தேன்."

அவர் தகரப்பெட்டியைத் திறந்து அவளுடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் ராசம்மா உக்குவளைக்குப் போய் றஸ்மியாவின் பத்திரத்தை மேசையில் வைத்தாள். நடந்ததைக் கேட்ட ஹிதாயாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"நான் எம் பேர்லயே வர்றேன். எம் பத்திரத்தோட, பெரிய வாத்தியார்கிட்ட ஒரு கடிதமும் வாங்கிக்கிட்டு. ஏத்தலன்னா கரையில இருந்து பார்த்துட்டு வந்துடுறேன்."

"ஜீப்புல ஏத்தினா?" என்றார் ஜவாஹிர்.

"ஏத்தினா நீங்க வந்து வாத்தியார்கிட்ட சொல்லுங்க நானா."

அவர் தாடியைத் தடவினார். "சரி. போவோம்."

விடுமுறைக்கு நாலு பேரும் புறப்பட்டார்கள். புங்குடுதீவுத் துறையில் ராசம்மாவின் பத்திரத்தைப் பார்த்த பொலிஸ்காரன் அவளைத் தனியே ஒரு மர வாங்கில் உட்காரச் சொன்னான். மேலதிகாரி வந்துதான் தீர்க்க வேண்டுமாம். முதல் வள்ளம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. ஹிதாயா மணலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். மஸீஹா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டேயிருந்தாள். மூன்று மணித்தியாலம் கழித்து வந்த அதிகாரி, எல்கடுவையில் எந்த டிவிஷன், கங்காணி யார், பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று நின்றபடியே கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றிலும் தடுமாறவில்லை.

"நயினாதீவுக்குப் போய்ட்டு இருட்ட முன்ன திரும்பிடணும். நெடுந்தீவுப் பக்கம் போகப்படாது" என்றார். பெரிய வாத்தியாரின் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஹிதாயா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "இனி ஒரு தீவுதானா?"

"ஒண்ணு போதும் இன்னைக்கு" என்றாள் ராசம்மா.

வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் தண்ணீர் பக்கவாட்டில் அடித்து அவள் சேலையை நனைத்தது. மற்றவர்கள் கத்திச் சிரித்தார்கள். அவள் மட்டும், பத்திரம் நனைந்துவிடாமல் இருக்கக் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, துறையில் நிற்கிற பொலிஸ்காரன் சின்னப் புள்ளியாக மறையும் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் கடலின் பக்கம் திரும்பினாள்.