நாற்பதடி தள்ளி உட்கார்ந்த திராட்சைத் தோட்டம்

ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே ராஜாத்தியின் திராட்சைத் தோட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நாற்பதடி வடக்கே நகர்ந்து உட்கார்ந்தது. கல்தூண், கம்பிப் பந்தல், கொடி, அடியில் படுத்திருந்த நாய் எல்லாம் சேர்ந்தே நகர்ந்தன. ஒரு காய் உதிரவில்லை. அறுவடைக்கு இருபது நாள் இருந்தது.

இரண்டு வாரம் முன்பு தொல்லியல் குழுவோடு மகிமா வந்திருந்தாள். இருநூறு ஆண்டுப் பழைய வரைபடம் ஒன்றும், மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் ரேடார் தள்ளுவண்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். வரைபடத்தில் ஒரு வணிகர் தெரு இருந்தது. தோட்டத்தின் தெற்கு எல்லைக்கல்லும் அதில் இருந்ததால், அந்தக் கல்லை வைத்தே படத்தை நிலத்தோடு பொருத்தினாள். தெரு தோட்டத்துக்குத் தெற்கே அரசுப் புறம்போக்கில் விழுந்தது. ரேடாரோ நாற்பதடி வடக்கே, பந்தலின் தென்கோடிக்கு அடியில் சுவர்களைக் காட்டியது. இரண்டும் ஒத்துவராவிட்டால் காந்தக் கருவியால் மறுபடி அளக்க வேண்டும், இரும்புக் கம்பி தலைக்கு மேல் இருந்தால் அது உளறும், ஆகவே பந்தலை முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும் என்றாள். பிசகு எங்கே என்று ராஜாத்திக்குத் தெரியும். சொன்னால் புருஷன் கருத்தக்கண்ணனின் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் பந்தல் போகும்.

செவ்வாய்க்கிழமை, அளவு பார்க்க வந்த வி.ஏ.ஓ. இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"படம் சரிதான் ஆத்தா. கல்லுதான் நடந்திருச்சு. எங்க மாமனார் உழவுக்கு ஒரு சாண் தெக்க நகத்தி வைப்பாக. அவுக அப்பாவும் அப்படித்தான்."

"ஏண்டி, செத்த மனுசன இப்படியா சந்தியில நிறுத்துவ?" என்றான் கருத்தக்கண்ணன்.

"அவுக செத்துட்டாக. கொடி உசுரோட இருக்குல்ல."

சாணுக்கு முக்கால் அடி, ஐம்பத்து மூன்று உழவு என்று மகிமா கணக்குப் போட்டாள். படத்தை நாற்பதடி வடக்கே இழுத்தாள். தெரு சுவர்களின் மேல் பிசகாமல் படிந்தது. கூடவே தோட்டமும் கிளம்பி, வடக்கே ராஜாத்தி மாடு கட்டும் சொந்தத் தரிசில் போய் அமர்ந்தது. விட்டுப்போன இடத்தில், குழி வெட்டத் தோதாக வெறும் மண் கிடந்தது. வி.ஏ.ஓ. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று யோசித்தார். பழைய எல்லைக்குள்தானே வந்திருக்கிறது, எழுதத் தேவையில்லை என்று அவரே சமாதானமானார். காய்க்கு விலை பேச வந்த தேனி வியாபாரி இரண்டு காயைக் கடித்துப் பார்த்து, இனிப்பு ஏறுகிறது என்றார்.

கருத்தக்கண்ணன் மூன்று நாள் பெண்டாட்டியிடம் பேசவில்லை. கிணறு மட்டும் தோட்டத்தோடு வராமல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. நான்காம் நாள் இலை சுருண்டதைப் பார்த்து, உத்தமபாளையம் போய் நாற்பதடி ஓஸ் பைப் வாங்கிவந்தான். சுவர்களைத் துலக்கிக்கொண்டிருந்தவர்களின் ஓரமாக அதை இழுத்து இணைத்து, மோட்டாரைப் போட்டான்.

"அடுத்த தடவ நகந்தா, கெணத்தையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றான் ராஜாத்தியிடம்.