கிள்கோரன் கோட்டையின் மேற்குச் சுவர்

காற்று அடித்தால் என் அக்கா டிம்ப்னா உட்கார மாட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பவள் கத்தியோடு எழுந்து ஜன்னலுக்குப் போவாள். மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே கோட்டை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். மறுபடி போவாள்.

"உட்காரேன். நீ முறைச்சுப் பார்த்தா சுவரு நிக்குமா?" என்பேன்.

"உனக்கென்னடா மலக்கி? அது விழுந்தா இன்னும் நாலு மாடு மேய்க்கலாம்."

பொய்யில்லை. அந்த இடிபாட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பிரபு கட்டினான். பிற்பாடு கடல் கடந்து படையெடுத்து வந்த க்ராம்வெல்லின் ஆட்கள் வெடி வைத்து ஒரு பக்கத்தைப் பிளந்தார்கள். சரிந்த கல்லையெல்லாம் பன்றிக்கொட்டில் கட்ட ஊர்க்காரர்களே அள்ளிப்போனார்கள். கடைசியில் அரசாங்கம் வந்து, இனி எதையும் தொடக்கூடாது என்று பலகை நட்டு, வாசலுக்கு இரும்புக் கதவு போட்டது. சாவி அக்காவிடம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவளைத்தான் கேட்டு வரவேண்டும். எங்கள் ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

மேற்குச் சுவர் முழுக்க, கல்லிடுக்கில் வேர்விட்டுப் படரும் ஐவிக்கொடி. அது கல்லைத் தின்கிறது என்று அவளுக்கு ஓயாத கவலை. அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்து, இந்த வசந்தத்தில் ரம்பத்தோடு போய், தொடைப் பருமனிருந்த அடித்தண்டை அவளே அறுத்துவிட்டாள். கோடையில் இலை காய்ந்து உதிர்ந்தபோது சந்தோஷத்தில் வீட்டில் ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் முதல் கல் விழுந்தது. உள்ளே சுண்ணாம்புச் சாந்து எப்போதோ பொடியாகிப் போயிருந்தது. சுவரை இத்தனை காலம் இறுக்கிப் பிடித்திருந்ததே அந்தக் கொடிதான். அன்றிலிருந்துதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நவம்பர் புயலில், மத்தியானச் சாப்பாட்டின்போது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். மேற்குச் சுவர் போய்விட்டது. அக்கா எழுந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே தொல்லியல் துறையிலிருந்து ஃபிடெல்மா என்ற பெண் வந்தாள். ரம்பம் பட்ட தண்டைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"மிச்சச் சுவரைக் காப்பாத்திடலாம். ஆனா கொடியை வெட்டினது யாருன்னு நான் எழுதியாகணும். அவங்க இனிமே கோட்டைப் பக்கமே போகக்கூடாது."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க. மாடு உரசுறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சு, அறுத்துட்டேன்," என்றேன். அங்கே போகாமலிருப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இவனா? இவன் பேரை அங்க எழுதுவீங்களா? பொறந்ததுலேருந்து ஒரு நாள் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்திருப்பானா? அது நல்லாயிருக்கணும்னு நெனைச்சது நான். கெடுத்ததும் நான். டிம்ப்னான்னு எழுதுங்க."

"அக்கா, சும்மா இரு..."

"நீ சும்மா இருடா! எல்லாம் போச்சு. இதையும் எடுத்துக்கிறியா?"

ஃபிடெல்மா என்னைப் பார்த்தாள். அக்காவின் பெயரையே எழுதும்படி நான் தலையசைத்தேன்.