ஜன்னத் மாமிக்குக் கீழே

சீசனுக்குக் குடும்பமே குற்றாலத்தில் கூடுவதென்று முடிவானதும், வம்சாவளிப் படம் வரைகிற வேலை ஹஃப்சாவின் தலையில் விழுந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் விளக்கப்படம் போடுகிறவள் அல்லவா, வேறு யார் தலையில் விழும்?

முதலில் வரைந்ததைப் பார்த்த அண்ணன் மீரான், "என்னட்டி இது, இடியாப்பம் பிழிஞ்சு வச்சிருக்கே?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தென்காசியில் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து, சொந்தத்துக்குள்ளேயே எடுத்த குடும்பம். கோட்டுக்குக் கோடு முட்டிக்கொண்டு நின்றது.

ஹஃப்சா விடவில்லை. கட்டிக்கொண்டவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள். பாதிக் கோடுகள் தானாக விலகின. ஏழெட்டு நிறத்தை இரண்டாக்கி, எழுத்தைப் பெரிதாக்கினாள். இப்போது இடம் போதவில்லை.

"ஜன்னத் மாமிய எடுத்துரு. கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டாங்க. அவங்களுக்குக் கீழ யாரும் இல்லல்லா," என்றான் மீரான்.

ஹஃப்சாவுக்குச் சுருக்கென்றது. ஜன்னத் மாமி வாப்பாவின் தங்கை. சாரல் விழுந்தால் போதும், வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பஸ்ஸில் அள்ளிப்போட்டு ஐந்தருவிக்குக் கொண்டுபோனது மாமிதானே? தண்ணீர் அறைகிற அறையில் மூச்சு முட்டும்போது மாமியின் கை இடுப்பைப் பிடித்திருக்கும். நடுங்கிக்கொண்டு வெளியே வந்தால் அதே கை தலையைத் துவட்டி, வாயில் சூடான பஜ்ஜியைத் திணிக்கும். ரொம்ப அழுகிறவன் மீரான். அவனுக்கு மட்டும் இரண்டு. அந்த நாட்களில் ஒன்று திரும்பக் கிடைத்தால் ஹஃப்சா எதையும் கொடுப்பாள்.

மாமியை அவள் எடுக்கவில்லை. மற்றவர்களைக் கொஞ்சம் நெருக்கினாள். மாமியின் பெயருக்குப் பக்கத்திலும் கீழேயும் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

குற்றாலத்து பங்களாவில் படத்தை மாட்டியதும் ஆளாளுக்கு முண்டியடித்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். மாமி கடைசியாக வந்தார். கண்ணாடிகூடப் போடவில்லை.

"என் பேரு பளிச்சுனு தெரியுதுட்டி," என்று சிரித்தார். "சுத்தி ஒண்ணுமே இல்லல்லா."

பார்த்ததும் புரிய வேண்டுமென்றால் சுற்றி இடம் விடு என்று ஆபீசில் ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் ஹஃப்சா. அந்த இடம் மாமியைக் குத்தும் என்று அவளுக்குத் தோன்றாமல் போயிற்றே.

மார்க்கரை எடுத்தாள். தன் பெயரிலிருந்து மாமியின் பெயர் வரை, குறுக்கே எத்தனை கோடு வெட்டுகிறது என்று பாராமல், ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏட்டி, படத்தைக் கெடுத்துட்டியே!" என்று உம்மா கத்தினாள்.

மீரான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினான்.

"அத இங்கன குடு. எனக்கு ரெண்டு கோடு."