செத்தவீட்டுச் சுற்றுலா

முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த மனமகிழ்வு உத்தியோகத்தர் கீர்த்திகா, வந்த கிழமையே எல்லாரையும் மண்டபத்தில் வட்டமாக இருத்திவைத்து, உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். முருங்கன் பக்கத்து வயல்காரர் ஏரம்பு, நித்திரை என்றார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் மாக்கிறட் இருந்தாள்.

“செத்தவீட்டுக்குப் போறது,” என்றாள் மாக்கிறட்.

கீர்த்திகா சிரித்தாள். வேறு ஒருத்தரும் சிரிக்காததைக் கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

இதில் பகிடி எங்கே இருக்கிறது? விடத்தல்தீவில் இருந்த காலத்தில் மாக்கிறட் ஒரு செத்தவீட்டையும் தவறவிட்டதில்லை. ஊரடங்குச் சட்டம் போட்ட நாளில்கூட ஆமிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிப் போனவள். கனடாவிலிருந்து ஆர் வந்திருக்கிறார்கள், ஆருக்கும் ஆருக்கும் கதை பேச்சு இல்லை என்பதெல்லாம் வேறெங்கே தெரியவரும்? நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகவேணும் என்று ஊரில் சொல்வார்கள். நாம் போனால்தானே நமக்கு வருவார்கள்! கட்டினவனும் இல்லை, பெற்றதும் இல்லை. மாக்கிறட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தது அது ஒன்றைத்தான். இடுப்பு முறிந்து இல்லத்துக்கு வந்த பிறகு எல்லாம் நின்றுபோயிற்று.

நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதையும் அவள் கண்ணால் கண்டுவிட்டாள். இல்லத்தில் இருந்த பாலசிங்கம் வாத்தியார் செத்தபோது கன்னியாஸ்திரிகள் வாடகைக்குக் கதிரை எடுத்துப் போட்டார்கள். அடுக்கிக் கட்டிய கயிறுகூட அவிழாமல் பாதிக் கதிரைகள் திரும்பிப் போயின. பெட்டி தூக்க வான் சாரதி மில்ரன், காவலாளி, தேங்காய் பிடுங்க வந்தவன் என்று மூன்று பேர்தான் தேறினார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை வாசலில் மறித்து நாலாவது மூலையைக் கொடுத்தார்கள். பாவம், அவன் நல்லவன்; செத்தது ஆர் என்றுகூடக் கேட்காமல் தூக்கினான். அன்றிலிருந்து மாக்கிறட்டுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவள் சாவுக்குப் பயப்படவில்லை. காஸ்காரனுக்குப் பயந்தாள்.

“செத்தவீடு மனதைப் பாதிக்கும் அம்மா,” என்றாள் கீர்த்திகா.

“ஆருடைய மனதை?”

கீர்த்திகா ஒரு பலூனை ஊதினாள். அது நிலத்தில் விழாமல் எல்லாரும் மாறி மாறித் தட்ட வேண்டும். விழுந்தால் என்ன நடக்கும் என்று ஏரம்பு கேட்டார். ஒன்றும் நடக்காது ஐயா என்றாள். அப்ப விழட்டும் என்றார் ஏரம்பு.

அடுத்த மாதம் வெளிப்பயணம் என்று முடிவாயிற்று. எங்கே போவது என்பதை இல்லத்து ஆட்களே தெரிவுசெய்ய வேண்டும் என்று கீர்த்திகாவுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதை அவள் மனதார நம்பினாள், அதுதான் அவளுக்கு வினையாகிப்போயிற்று. பயணத்துக்கு முதல் நாள் காலை மண்டபத்தில் நின்று, கடற்கரையா, மன்னார்ப் பெருக்க மரமா என்று கேட்டாள்.

“அந்த மரத்தைச் சின்னனில இருந்து பாக்கிறன். அது செத்தால் சொல்லுங்கோ, வாறன்,” என்றாள் மாக்கிறட். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். “விடத்தல்தீவு றெனால்ட் மோசம் போயிட்டார். இப்பதான் றேடியோவில மரண அறிவித்தல் போச்சு. நாளைக்குப் பின்னேரம் அடக்கம். அதையும் சேருங்கோ பிள்ளை.”

கீர்த்திகா சேர்த்தாள். கடற்கரைக்கு ஒரு கையும் எழவில்லை. மரத்துக்கு ஒரு கை எழுந்து, பக்கத்தில் பார்த்துவிட்டு இறங்கியது. றெனால்டுக்கு எல்லாக் கைகளும் எழுந்தன. ஏரம்பு இரண்டு கையையும் உயர்த்தினார். அவருக்கு றெனால்டை ஆரென்றே தெரியாது. கீர்த்திகா இல்லத்துத் தலைவியான மதரிடம் போய் முறையிட்டாள். கேட்டுவிட்டீர்கள், இனி அழைத்துப்போவதுதான் மரியாதை என்று மதர் சொல்லிவிட்டார்.

வெளிப்பயணத்தில் ஆட்கள் தொலையாமல் இருக்க மஞ்சள் தொப்பி போட வேண்டும் என்பது சட்டம். ஆகவே போட்டார்கள். மில்ரன் பழக்கதோஷத்தில் வானில் பைலா ஆட்டப் பாட்டைப் போட்டான். ஒருத்தரும் நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளைச் சீலை உடுத்து முன் சீற்றில் இருந்த மாக்கிறட், வழி முழுக்க றெனால்டின் சாதிசனத்தை விளக்கினாள். அவளுக்குத் தூரத்துச் சொந்தம் அவர். தெருவில் கண்டால் தலையாட்டும் அளவுக்கு. பின்னால் கேள்விமேல் கேள்வியாக வந்தது. அவ்வளவு மனமகிழ்வைக் கீர்த்திகா அந்த இல்லத்தில் அதுவரை கண்டதில்லை. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

செத்தவீட்டுப் பந்தலுக்குள் மஞ்சள் தொப்பிகள் வரிசையாக நுழைந்ததும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சனம் பாதி மந்திரத்தில் நின்றது. தொப்பியைப் பார்த்து என்றுதான் மாக்கிறட் முதலில் நினைத்தாள். றெனால்டின் மனைவி கிறேஸ் எழுந்து வந்து, அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். மற்றக் கையையும் தொட்டாள்.

“மாக்கிறட் அக்கா, நீங்கள் செத்துப்போனீங்களெல்லே?”

“ஆர் சொன்னது?”

“சொல்லிறதுக்கு என்ன இருக்கு. எத்தினை செத்தவீடு நடந்தது, ஒண்டிலயும் உங்களைக் காணேல்ல. உயிரோட இருந்தா மாக்கிறட் வராமல் விடமாட்டா எண்டு இவர்தான் சொன்னவர்.” கிறேஸ் நாடியை நீட்டிப் பெட்டியைக் காட்டினாள். “உங்கட ஆத்துமத்துக்கெண்டு பூசையும் ஒப்புக்குடுத்தம். கோயிலில அறிவிச்சது.”

இத்தனை நாளாக மாக்கிறட்டுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்த கேள்விக்கு இந்தப் பந்தலில் விடை இருந்தது.

“ஆர் வந்தவை?”

கிறேஸ் நிலத்தைப் பார்த்தாள். “அண்டைக்கு நல்ல மழை, அக்கா.”

“ஓம். ஆர் வந்தவை?”

“இவர் போனவர். எனக்குக் காய்ச்சல்.”

பந்தலில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். “குறை நினையாதேங்கோ அக்கா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “உங்கட செத்தவீடு எங்களுக்குச் சரியாத் தெரியவராமப் போச்சு.”

“பறவாயில்லை,” என்றாள் மாக்கிறட்.

அவள் பெட்டியடிக்குப் போனாள். தூரத்துச் சொந்தத்துக்கு எவ்வளவு அழ வேண்டும் என்று அவளுக்கு அளவு தெரியும். முந்தானையைக் கண்ணில் ஒற்றி, இரண்டு வார்த்தை சொல்லி, பெண்சாதியைக் கட்டிப்பிடித்துவிட்டு, தேத்தண்ணிக்கு வந்துவிடலாம். முந்தானையை எடுக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

“றெனால்ட், குடையாவது கொண்டு போனனியோ?” என்றாள். அதற்குமேல் அவளால் ஏலவில்லை. ஊர் முழுக்க அழுது கொடுத்தவளுக்காக மழைக்குள் வந்து தனியாக முழங்காலில் நின்ற ஒரே ஒரு மனிசன், இதோ மூக்கில் பஞ்சோடு கிடக்கிறான். இனி அவனும் இல்லை. மாக்கிறட் வாய்விட்டு அழுதாள். சொந்தத் தாய் செத்தபோதும் அவள் அப்படி அழுததில்லை. றெனால்டின் பிள்ளைகளே பார்த்து வெட்கப்பட்டார்கள்.

கீர்த்திகா பதறிப்போய்க் கதிரை தேடினாள். மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக எழுந்து, தடியை ஊன்றி, பெட்டியடிக்கு வந்து மாக்கிறட்டைச் சுற்றி நின்றன. அவர்களில் ஒருவருக்கும் றெனால்டைத் தெரியாது. ஏரம்பு மட்டும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

“உங்கடைக்கு நான் வருவன்,” என்றார்.

“மழை பெஞ்சால்?”

“பெஞ்சாலும்.”

மாக்கிறட் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருமல்காரர்; வயதிலும் மூத்தவர்.

“நீங்கள் முந்திப் போயிட்டியளெண்டால்?”

ஏரம்பு யோசித்தார். அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

“அப்ப நீங்கள் என்ரைக்கு வாங்கோ.”

“வாறன்,” என்றாள் மாக்கிறட்.