முன்னால் புறப்பட்ட புத்தகம்

1

இந்தக் கதை பிறந்தது என் சோம்பேறித்தனத்தில். எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் நாலு பக்கம் காலியாகக் கிடந்தது. பிரயாணக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடு என்றார் தமிழ் வாத்தியார். நான் தூத்துக்குடியில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் படிக்கப் போகிறவன். ஏறியதும் தூங்கிவிடுவேன். ஆக, என் பிரயாண அனுபவம் மொத்தமும் இரண்டு பிளாட்பாரங்கள். அதைச் சொன்னேன்.

"சைக்கிளில் ஊர் சுற்றியதாக எழுதேன், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றார்.

வரது அந்த வாக்கியத்தில் பிறந்தான். பிறந்தவுடனேயே அவனுக்குக் கால் வலித்தது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"முத்து விளையும் தூத்துக்குடிக் கடலின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—" (அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் கதிரவன் எழுந்ததும் முதலில் தெரிவது உப்பளம். கண் கூசி, மற்றதெல்லாம் அப்புறந்தான் தெரியும். முத்தை நான் நகைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.)

"1942 செப்டம்பர். உலகமே யுத்தத் தீயில்—" (உலகத்தை விட்டுவிடுவோம். அதற்கு வேறு வேலை இருந்தது.)

"வரதுவுக்கு ஏற்கெனவே களைப்பாக இருந்தது." (இது இருக்கட்டும்.)

வரதுவின் பூர்வீகம் தென்திருப்பேரை. தகப்பனார் தூத்துக்குடித் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. கூடப் படித்த இசக்கியப்பன் வீட்டில் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஆகஸ்டுப் போராட்டம், வேலைநிறுத்தம் என்று கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள். பையன்கள் கையில் இரண்டு சைக்கிளும் தலையில் ஒரு யோசனையும் இருந்தன. ராமநாதபுரம், மதுரை, பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர், திரும்பத் தூத்துக்குடி. இசக்கி பஞ்சர் ஒட்டுவது, வரது தினமும் பிரயாணக் குறிப்பு எழுதுவது என்று ஏற்பாடு. அந்தக் குறிப்பு பின்னால் புத்தகமாக வரும், அதன் அட்டையில் தன் பெயர் இருக்கும் என்று வரது நினைத்தான். இசக்கி ஒன்றும் நினைக்கவில்லை. மிதிக்கிறவனுக்கு அதற்கு நேரம் கிடையாது.

3

புறப்பட நல்ல நாள் பார்த்தார்கள். புதன்கிழமை காலை ஏழரைக்குமேல் உத்தமம் என்றது பஞ்சாங்கம். ஆனால் இசக்கியின் பின்சக்கரத்துக்கு டயர் இல்லை. யுத்தகாலத்தில் டயர் பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். அவன் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தான். சனிக்கிழமைக்கு முன் ஆகாது என்று தெரிந்தது.

வரதுவின் அம்மாவா விடுவாள்? பரஸ்தானம் வைத்துவிடு என்றாள். ஆள் புறப்பட முடியாவிட்டால், நல்ல வேளையில் அவன் சாமான் ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. ஆள் அங்கிருந்துதான் கிளம்பவேண்டும். வைத்த சாமான் வீடு திரும்பக்கூடாது. சாஸ்திரப்படி அவன் புறப்பட்டாயிற்று. சட்டப்படி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

வரது எதிர்வீட்டு ஹேமாம்புஜம் மாமியிடம் ஒரு வேட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோய் வைத்தான்.

தப்பு அங்கேதான் நடந்தது. வேட்டியோடு நிறுத்தியிருக்கலாம். வேட்டி எங்கே போனாலும் சும்மா இருக்கும். நோட்டுப் புத்தகம் அப்படியல்ல. புறப்பட்டுவிட்ட புத்தகத்தில் புதன்கிழமைப் பக்கம் வெறுமையாக இருப்பது வரதுவுக்குப் பொறுக்கவில்லை. மாமி வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான்.

"ஏண்டா வரது, இப்போ எங்கே போயிண்டிருக்கே?" என்று கேட்டாள் மாமி.

"வேம்பார் தாண்டிட்டேன் மாமி."

"நன்னா இரு. காபி ஆறிப்போறது, குடிச்சுட்டு மேலே போ."

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள், மூன்று டம்ளர் காபி, எழுபத்தைந்து மைல். வெள்ளிக்கிழமை மாலை புத்தகம் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

(அந்தப் பக்கங்கள் நன்றாக இருந்தன. அதுதான் சங்கடம். காற்றில் பனை ஓலை பேசியது, வலைக்காரர்கள் சிரித்தார்கள். ஊஞ்சலில் ஆடிக்கொண்டு எழுதினால் உரைநடைக்கு ஒரு லயம் வந்துவிடுகிறது.)

4

சனிக்கிழமை விடியலில் நிஜமாகவே புறப்பட்டார்கள். வரதுவின் தலையில் ஒரே கணக்கு. புத்தகத்தில் சனிக்கிழமைக்கு "ராமநாதபுரத்தில் ஓய்வு" என்று எழுதியாகிவிட்டது. ஒரே நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்கும்.*

"ஏலே வரது, மெதுவாப் போலே. ராமநாதபுரம் எங்கயும் ஓடிராது."

"அது ஓடாதுடா. நீ மிதி."

"பின்ன எதுதாம்லே ஓடுது?"

வரது குனிந்து மிதித்தான். ரோடு என்று வரைபடம் சொன்ன இடத்தில் மணல் கிடந்தது. இறங்கித் தள்ளினார்கள், ஏறி மிதித்தார்கள், மறுபடி இறங்கினார்கள். அறுபதாவது மைலில் இசக்கியின் வலது முட்டியில், பாக்கு வெட்டினாற்போல ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவன் ஒற்றைக் காலால் மிதித்தான். ராமநாதபுரத்தில் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கோழி கூவிக்கொண்டிருந்தது.

பிறகு மூன்று வாரமும் புத்தகத்தில் உண்மை மட்டுமே இருந்தது. சில மாதிரிகள்:

"எதிர்காற்று. பஞ்சர் இரண்டு."

"பாலக்காட்டுக் கணவாய். எதிர்காற்று. சைக்கிளில் ஏறினால் பின்னால் போகிறது."

"மழை. இ.வுக்கு முட்டி வீக்கம். தூக்கம்."

"டியூப் போய்விட்டது. டயருக்குள் வைக்கோல் திணித்தோம். ஒரு மாடு வெகுதூரம் பின்தொடர்ந்தது."

கொச்சியில் என்ன பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் வரதுவைக் கேட்டேன். முன்சக்கரத்தைப் பார்த்தோம் என்றான்.

* ராமநாதபுரத்தில் காய்ச்சல் வந்து தங்கியதாக எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் யோசனை சொல்லத்தான் நினைத்தேன். முதல் வாரத்திலேயே நாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

5

இருபத்தைந்தாம் நாள், வீட்டுக்குப் பதினைந்து மைல் இருக்கையில், ஆத்தூர்ப் பாலத்தில் போலீஸ் பாரா. கேரியரில் கட்டியிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்கள். கடலோர ஊர்களின் பெயரும் மைல் கணக்குமாக இருந்தது. இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கியிருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியனுக்கு முதல் பிரதியில் பெரிய மீசையும் உறுமலும் கொடுத்திருந்தேன். பிறகு நம்பிக்கை போய்விட்டது. மூன்று வாரமாகப் பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த மனிதர் உறுமமாட்டார். பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு வரி விடாமல் படித்தார். பையன்கள் நின்றார்கள்.

"யாரு எழுத்துவே இது?"

"என்னுது சார்."

"நல்லா எழுதுதீரு."

அந்த நிலைமையிலும் வரதுவுக்கு உச்சி குளிர்ந்தது. அவனுக்கு வாய்த்த முதல் வாசகர் அவர்.

"ஆனா, பாக்கிப் பக்கமெல்லாம் பொய் மாதிரில்லா இருக்கு? எதிர்காற்று, பஞ்சர், தூக்கம். நெசமாப் போனவன் இப்படியா எழுதுவான்? இந்த வியாழக்கிழமைதான் ஜோரு." வாசித்தார்: "'வேம்பார் தாண்டிப் பத்தாவது மைலில் தந்திக் கம்பத்தில் சாய்ந்து இளைப்பாறினோம். கம்பி காற்றில் பாடிற்று. இசக்கியப்பன் ஒரு கல்லெறிந்து அந்தப் பாட்டை நிறுத்தினான்.'"

நிமிர்ந்தார்.

"அன்னைக்கு அதே பத்தாவது மைல்லதான் தந்திக் கம்பி அறுந்து கெடந்துச்சு. மூணு வாரமா கடலோரம் பூரா ஆளைத் தேடுதோம். நீரு பேரு, கெழமை, மைலு எல்லாம் எழுதி, ஆளையும் சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்துட்டீரு."

"நான் எங்கலே கல்லெறிஞ்சேன்?" என்றான் இசக்கி.

வரது எல்லாவற்றையும் சொன்னான். பஞ்சாங்கம், பரஸ்தானம், ஊஞ்சல், காபி. ஹேமாம்புஜம் மாமியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றான்.

"மாமி உமக்குச் சாட்சி. சரி. அன்னைக்கு இவன் எங்க இருந்தான்?"

இசக்கி வாசலில் நின்ற தன் பின்சக்கரத்தைப் பார்த்தான். பெர்மிட் இல்லாத டயரை அவனுக்குக் கொடுத்தது சொந்த அக்காள் புருஷன். "அங்கன இங்கன அலைஞ்சேன் சார்" என்றான். அத்தான் பெயரைச் சொன்னால் அவர் உள்ளே போவார்.

பிறகு வரது பக்கம் திரும்பினான்.

"அப்போ, அன்னைக்கு ஒரே மூச்சுல எழுவத்தஞ்சு மைல் என்னை மிதிக்க வச்சது…"

"புஸ்தகத்தைப் பிடிக்கத்தாண்டா."

"பிடிச்சோமாலே?"

"பிடிச்சுட்டோம்."

"நல்லது" என்றான் இசக்கி, முட்டியைத் தடவிக்கொண்டே.

சங்கரபாண்டியன் புத்தகத்தை மேஜைமேல் திருப்பி வைத்தார். "கேளும்வே. ஒண்ணு இது சாட்சி. இல்லன்னா கதை. பாதி அது, பாதி இதுன்னு என்னால மேலிடத்துக்கு எழுத முடியாது. கதைன்னா, 'இதில் கண்ட பயணம் பூராவும் கற்பனை'ன்னு முதல் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடும். பொஸ்தகம் ஃபைலுக்குப் போவும், இவன் வீட்டுக்குப் போவான். போனது நெசம்னா, கல்லும் நெசம்."

வரது பேனாவை எடுத்துவிட்டான்.

"எழுதாதலே" என்றான் இசக்கி.

"உள்ளே வச்சுடுவாடா."

"வைக்கட்டும். உள்ள சைக்கிள் கெடையாதுல்லா." அவன் சிரிக்கவில்லை. "பாலக்காட்டுல அந்தக் காத்து கற்பனையா? வைக்கோல் டயரை ஒரு பகல் பூரா உருட்டினேனே, அது? பூராவும் கற்பனைன்னா, இந்த முட்டிவலி யாரு கற்பனைலே?"

6

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். வரது ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதியது "கம்பி காற்றில் பாடிற்று" என்பதோடு நின்றுவிட்டது. பத்தி முடிந்தமாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஏதோ குறைந்தது. இசக்கியின் கையில் கல்லைக் கொடுத்தவன் நான். வரதுவின் எழுத்து மாதிரியே எழுதி, அவன்மேலேயே பழியைப் போட்டேன்.

அந்த வரியை அடித்துப் பார்த்தேன். இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்தார்கள். சஞ்சிகையில் நாலு பக்கம் காலியாகவே கிடந்தது. கல்லைத் திரும்பவும் எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

ஆகவே முடிவு என்று பார்த்தால்,

வரது கையெழுத்துப் போடுகிறான். இசக்கி வெளியே வருகிறான். மீதிப் பதினைந்து மைலையும் இருவரும் தனித்தனியாக மிதிக்கிறார்கள். எதிர்வீட்டு மாமி, "எங்கெல்லாம்டா போனே?" என்று ஆசையாகக் கேட்கிறாள். "எங்கேயும் போகலை மாமி" என்கிறான் வரது. அன்றைக்குக் காபி—

அல்லது, போடவில்லை. இசக்கி உள்ளே போகிறான். ஒரு நாள் புத்தகம் அச்சாகி வருகிறது. எல்லாரும் வியாழக்கிழமைப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்து, ஆகா என்கி—

இரண்டையும் முடிக்க எனக்குக் கை வரவில்லை. முதலாவதில் இசக்கி மிதித்த அறுநூறு மைலை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் அவனையே எடுத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் ஒரு மைல்கூட மிதிக்காத நான் தீர்மானிக்கிறேன்.

7

சஞ்சிகை அச்சுக்குப் போகிறது. கதைத் தலைப்புக்குக் கீழே "யாவும் கற்பனை" என்று போடவேண்டுமாம், வழக்கமாம். வாத்தியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

வரது கீழே வைத்த பேனா மேஜைமேல் இருக்கிறது. மூடி திறந்தே இருக்கிறது. வரது மறுபடி எடுக்கட்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவசரமில்லை. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஸ்டேஷனில் நான் ஒரே ஒரு நாற்காலிதான் எழுதியிருக்கிறேன். அதில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். இசக்கி அந்த முட்டியோடு ஐந்தாம் பகுதியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறான். சுவரோரமாக ஒரு பெஞ்சு போடுங்கள். அவன் முதலில் உட்காரட்டும்.