கேட்டுக்குள் முதல் வண்டி

"கிரீ...ச்!"

தாயில்பட்டி ரோட்டில், பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் அந்தப் பழைய கார் பிரேக் பிடித்தபோது, வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. வாட்ச்மேன் ஊர்க்காவலன் விசிலை ஊதிக்கொண்டே குறுக்கே வந்து நின்றார்.

"அங்கனயே நிறுத்துங்கம்மா! பின்சக்கரத்துல இரும்பும் இரும்பும் உரசுது. பொறி விழுந்தா என்னாகும்? இந்த வண்டி உள்ள போகாது."

லட்சுமிகாந்தம் கண்ணாடியை இறக்கினாள். "நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"பெரிய முதலாளி வீட்டம்மா. அந்தப் பெரிய முதலாளியே வந்தாலும் விட மாட்டேன். அப்படிச் சொல்லி வச்சதே அவுகதான்."

கணவர் இறந்து ஒரு வருடமாகிறது. ஆர்டர் பிடிப்பதும் லோடு அனுப்புவதும் அவள்தான். ஆனாலும் எல்லாருக்கும் இன்னும் வெறும் வீட்டம்மாதான். இன்று ஆயுத பூஜை. சாயங்காலம் கேட்டுக்குள் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதலாளியின் வண்டி முதலில் நிற்க வேண்டும். முதல் பூசணிக்காய் அதற்குத்தான் உடையும். அந்த இடத்தில் யார் வண்டி நிற்கிறதோ, அவர்தான் முதலாளி.

பின்னால் புதுக் கார் ஒன்று வந்து நின்றது. கொழுந்தன் அய்யாதுரை தலையை நீட்டினார்.

"என்ன மதினி, அண்ணன் வண்டி அழுவுது? காயலாங்கடைக்குப் போடுங்கன்னு எம்புட்டு சொன்னேன்! விடுங்க, முன்னால என் வண்டி நிக்கட்டும்."

"சாயங்காலம் பாப்போம் தம்பி" என்று காரைத் திருப்பினாள்.

புது பிரேக் பேடுகள் டிக்கியில் கிடந்தன. மாட்டத்தான் ஆளில்லை. மெக்கானிக் செல்லப்பாண்டி கையை விரித்தார். ஸ்பேனர்கள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. "பூசைக்கு வச்சத நாளைக்குத்தானம்மா எடுக்கணும்."

வீட்டு வாசலில் லட்சுமிகாந்தம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எம்மா, நீயா கழட்டப்போற?" மகள் பிரீத்திகா வாயைப் பிளந்தாள்.

"வாய மூடிட்டு முன்சக்கரத்துக்குக் கல்லு வையிடி."

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றினாள். தேய்ந்த பேடின் ஓர இரும்பு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, டிஸ்க்கில் கீறல் விழவில்லை. பேடைப் பிடித்திருந்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினாள். ஸ்பேனர்தான் வாயைப் பிளந்தது.

"எம்மா! அது கம்பெனிப் பித்தளை ஸ்பேனரு!"

பொறி பறக்கக்கூடாதென்று பித்தளையையே பிடித்துப் பழகிய கை, வீட்டிலும் தானாக அதையே எடுத்திருந்தது. "இங்க எந்த மருந்து வெடிக்கப்போகுது!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கணவரின் இரும்பு ஸ்பேனரைக் கொண்டுவந்தாள். ஒரே அழுத்தில் போல்ட் இளகியது.

அடுத்த மல்லுக்கட்டு, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனோடு. புது பேடு தடிமன். பிஸ்டன் உள்ளே போனால்தான் அதற்கு இடம் கிடைக்கும். தள்ளினாள், மகளும் சேர்ந்து தள்ளினாள். மயிரிழைகூட நகரவில்லை.

"அய்யாதுரை சித்தப்பாவக் கூப்பிடவா?"

"அடியே, அந்தப் பேச்சே கூடாது!"

வேர்வையைத் துடைத்துக்கொண்டு பிஸ்டனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எதிரெதிரே இரண்டு பள்ளங்கள். வெறுமனே தள்ளுவதற்கு எதற்குப் பள்ளம்? குறடின் மூக்கை அவற்றில் பொருத்தி, அழுத்தியபடியே திருகினாள். ஊறுகாய் ஜாடி மூடிபோல் பிஸ்டன் மெல்ல உள்ளே இறங்கியது.

"எம்மா, நீ பெரிய ஆளுதான்!"

"இன்னொரு பக்கம் கிடக்கு. அதுக்கும் கொஞ்சம் புகழ்ச்சிய மிச்சம் வையி."

இரண்டு பக்கமும் முடித்து, காரில் ஏறிப் பெடலை மிதித்தாள். பொதக்கென்று உள்ளே போனது. விடாமல் மிதித்தாள். மெல்ல மெல்ல அது காலுக்கடியில் கெட்டிப்பட்டது. தெருவில் இரண்டு முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். சத்தமே இல்லை. கறுத்த கையைக் கழுவக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் கேட்டில் கூட்டம். அய்யாதுரையின் கார் மாலையோடு முதல் இடத்தில் நின்றது. லட்சுமிகாந்தம் வந்ததும் ஊர்க்காவலன் மறுபடியும் குறுக்கே வந்தார்.

"பாலம் வரைக்கும் போயிட்டு வந்து, இங்கன பிரேக் பிடிங்கம்மா."

போனாள், வந்தாள், பிடித்தாள். ஊர்க்காவலன் பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டுக் காதைக் கொடுத்தார். இன்னொரு முறை போகச் சொன்னார். காக்கைகள் மரத்தைவிட்டு அசையவில்லை. நிமிர்ந்தவர் ஸ்டியரிங்கின்மேல் இருந்த கறுத்த கைகளைப் பார்த்தார். கேட்டை அகலத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார்:

"சின்னவரே, வண்டியக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. முதலாளி வந்துட்டாக."